சடங்கில் மூன்று இருமல்

பதினான்கு டாலர் எழுபத்தைந்து சென்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநான்காம் ஆண்டு பிப்ரவரியில் டெல்பர்ட் ஸ்டூக்கி எங்கள் வீட்டுக்குத் தரவேண்டியிருந்த தொகை அது. இதில் ஒன்பது டாலர் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்துக்கு. கிறிஸ்துமஸ் நடனத்தன்று பழரசம் ஊற்றி வைத்திருந்த கிண்ணம், டெல்பர்ட் கழுவும்போது கை நழுவியது. மீதி ஐந்தே முக்கால் டாலர், கால் டாலர் வீதம் இருபத்துமூன்று அபராதம். டை கட்டாமல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது, மூத்தவர் ஒருவருக்கு குட்மார்னிங் சொல்லாமல் படியேறியது, மற்றவர்கள் கேட்கும் முன்பே இரண்டாம் முறை உருளைக்கிழங்கு கேட்டது. அபராதம் விதிக்கும்போது சிரித்ததற்கு ஒரு அபராதம்கூட உண்டு.

எங்கள் வீடு என்கிறேனே தவிர, அதில் ஒரு செங்கல்லும் என்னுடையதல்ல. ஒஹையோவில், கல்லூரிக்கு அடுத்த தெருவில், வாசலுக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்துகள் மாட்டிய மூன்று மாடி வீடு. ஒரு சகோதர சங்கத்தின் கிளை. இருபத்திரண்டு மாணவர்கள் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டு அங்கே தங்கி, சாப்பிட்டு, ஒருவர் காலுறையை ஒருவர் திருடி வாழ்ந்தார்கள். நான் அவர்களுக்கு, வீட்டைச் சூடாக்கும் நிலவறை உலையை எரிப்பவன். சுரங்கத்தில் நெஞ்சு கெட்டுப்போன பிறகு கிடைத்த வேலை. அதுவரை கரியை வெட்டினேன், அதற்குப் பிறகு கரியை எரித்தேன். பதவி உயர்வு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கத்தில் சேர விரும்புகிறவனை உடனே சேர்த்துவிட மாட்டார்கள். பச்சைத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்து, 'புதுசு' என்று பெயர் கொடுத்து, ஒரு பருவம் முழுக்க ஆட்டிவைப்பார்கள். மூத்தவர்களுக்கு சிகரெட் பற்றவைக்க வேண்டும், காலணி துடைக்க வேண்டும், கையில் பிடித்த தீக்குச்சி எரிந்து முடிவதற்குள் கிரேக்க எழுத்து இருபத்துநான்கையும் ஒப்பிக்க வேண்டும். எல்லாம் தாண்டியவனை பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நிலவறைக்கு அழைத்துப்போய்ச் சடங்கு செய்து சேர்ப்பார்கள்.

டெல்பர்ட் மூன்றாவது வருடமாகத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தான். பச்சை வெளுத்துக் காக்கியாகிவிட்டது. சின்ன நிலத்தில் பதினோரு மாடு வைத்திருக்கும் குடியானவன் மகன். எங்கள் சமையலறையில் தட்டுக் கழுவி, அதற்குக் கூலியாகச் சாப்பாடும் மாடியறையில் ஒரு கட்டிலும் வாங்கிக்கொண்டிருந்தான். கடன் பாக்கி உள்ளவன் சடங்கறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது விதி. இரண்டு சடங்கு அவனை விட்டுப் போய்விட்டது. மூன்றாவதும் போனால் தொப்பியைக் கழற்றி வெளியே அனுப்பிவிடுவார்கள். தொப்பி போனால் கட்டில் போகும், கட்டில் போனால் கல்லூரி போகும். ஆக, அந்தச் சனிக்கிழமைக்குள் பதினான்கே முக்கால் டாலர். அவனிடம் இருந்தது நாற்பது சென்ட்.

புதிதாக வந்த புதுசுகள் அவனைத்தான் யோசனை கேட்பார்கள்.

"ஸ்டூக்கி தாத்தா, இந்தத் தொப்பியத் துவைக்கலாமா?"

"துவைக்கக்கூடாது. சுருங்கிடும். அப்புறம் ரெண்டு வருஷம் கஷ்டப்படணும்" என்பான், கோபமே இல்லாமல்.

இனி புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சடங்குப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். தோல் அட்டை, பித்தளைப் பூட்டு. வெளியார் கண்ணில் படக்கூடாது. சகோதரர்களே வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துப் படிப்பார்களே தவிர, யாருக்கும் மனப்பாடம் கிடையாது. அதை வைத்திருக்கும் பொறுப்பு பொருளாளன் பிரென்டிஸ் ஹேலுக்கு. கழுத்தில் போ டை கட்டி, காதில் பென்சில் செருகி, கையில் கணக்கேட்டோடு நடப்பவன். இருபது வயதிலேயே வங்கி மேலாளர் ஆகிவிட்டான். தொப்பை மட்டும்தான் பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவன் உலையறைக்கு இறங்கி வந்தான்.

"குபாலா, சுள்ளிப் பெட்டியில ஒரு பொட்டலம் இருந்துச்சே?"

"என்ன பொட்டலம், தம்பி?"

"செய்தித்தாள்ல சுத்தி, சணல் கட்டியிருந்தேன்."

"ஆமா, இருந்துச்சு."

"இருந்துச்சா, இருக்கா?"

"நேத்து காலைல இருந்துச்சு. நல்லாப் பத்துச்சு. உள்ள தோலோ என்னமோ, கொஞ்சம் நாத்தம்."

பிரென்டிஸ் கரிக்குவியல் மேல் அப்படியே உட்கார்ந்தான். வெள்ளைக் கால்சட்டை.

நடந்தது இதுதான். எதிர்ச்சாரியில் இன்னொரு சங்கம் இருந்தது. கல்வீட்டுக்காரர்கள் என்போம். போன வாரம் அவர்கள் எங்கள் கூடத்துச் சுவரிலிருந்த காட்டுமான் தலையைத் தூக்கிப்போய், அதற்குப் பெண்பிள்ளைத் தொப்பி மாட்டித் தங்கள் வாசலில் வைத்தார்கள். அடுத்தது புத்தகம்தான் என்று பயந்து, பிரென்டிஸ் அதைப் பொட்டலமாகக் கட்டிச் சுள்ளிப் பெட்டியில் ஒளித்திருந்தான்.

"பயந்தா பூட்டி வைக்கிறது. அங்கயா வைப்பீங்க?" என்றேன்.

"பூட்டின இடத்தத்தான் முதல்ல உடைப்பாங்க. சுள்ளிப் பெட்டியில எவன் கை வைப்பான்?"

"நான் வைப்பேன். தினம் காலைல அஞ்சரை மணிக்கு வைப்பேன்."

"அது எனக்குத் தோணவே இல்ல" என்றான். பையன் பொருளாதாரத்தில் வகுப்பிலேயே முதல் மாணவன்.

சற்று நேரத்தில் தலைவன் லிண்ட்குவிஸ்ட்டும் இறங்கி வந்தான். ஆறடி இரண்டு அங்குலம், பேஸ்பால் ஆடுகிறவன், நல்ல பிள்ளை. விஷயத்தைக் கேட்டதும் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். காரணம் இருந்தது. மறுநாள் சடங்கைப் பார்க்கத் தலைமைச் சங்கத்திலிருந்து கார்மடி என்ற பெரியவர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. புத்தகம் எரிந்தது தெரிந்தால் கிளையை ஒரு வருடத்துக்கு முடக்கிவிடுவார்கள். அந்த வருடம் யாரையும் சேர்க்க முடியாது. டெல்பர்ட் கதையும் அதோடு முடிந்தது.

"ஞாபகத்துல இருந்து எழுதிடலாம்டா. நாலு வருஷமாக் கேக்குறோமே" என்றான் லிண்ட்குவிஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். "வெளிச்சம் தேடி வந்தவனே..."

"வந்தவனே?"

"வந்தவனே... நீ எங்க இருந்து வர்ற?"

"அது ரயில் டிக்கெட் பாக்குறவன் கேக்குறதுடா."

இருவரும் கால் மணி நேரம் முட்டிமோதினார்கள். எனக்குச் சாம்பல் அள்ள வேண்டியிருந்தது. அவர்கள் நகர்வதாக இல்லை. அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன்.

"வெளிச்சம் தேடி வந்தவனே, உன் காலணியைக் கழற்றியது யார்?"

இரண்டு பேர் வாயும் திறந்தபடி நின்றது.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சடங்கறை நிலவறையில் இருந்தது. அதற்கும் உலையறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். சடங்கன்று மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவார்கள், சாவித் துவாரத்தில் பஞ்சு அடைப்பார்கள், படியில் ஒருவனை மரக்கத்தியோடு நிறுத்துவார்கள். புதுசுகள் வெள்ளைத் துணி போர்த்தி வெறுங்காலோடு நிற்பார்கள் என்பதால் அறை சூடாக இருக்க வேண்டும். அதனால் நான் பலகைக்கு இந்தப் பக்கம் உலையருகே இருப்பேன். இருபத்தொரு வருடமாக நான் அங்கே இருப்பது ஒருவனுக்கும் ஞாபகம் வந்ததில்லை. ஆங்கில எழுத்து வருவதற்கு முன்பே கிரேக்க எழுத்து எனக்கு வாய்ப்பாடமாக வந்துவிட்டது. ஆங்கில எழுத்தைத் தேவாலயத்தில் தபால்காரர் மனைவி நடத்திய வியாழக்கிழமை வகுப்பில், நாற்பத்தாறு வயதில்தான் பிடித்தேன்.

"எவ்வளவு தெரியும்?" என்றான் பிரென்டிஸ்.

"எல்லாம் தெரியும். வெளியாள் கேட்டுட்டா என்ன செய்யணும்னு இருக்கே, அதுவும் தெரியும்."

"என்ன செய்யணும்?" என்று லிண்ட்குவிஸ்ட் ஆவலாகக் கேட்டான்.

"கைகாலக் கட்டி ஆத்துல போடணும். ஆறு இப்ப உறைஞ்சு கெடக்கு. ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்குங்க."

லிண்ட்குவிஸ்ட் சிரித்துவிட்டான். பிரென்டிஸ் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஐந்து டாலர் தாளை எடுத்து நீட்டினான்.

"எழுதிக் குடுங்க."

"காசு வேணாம். ஸ்டூக்கி கணக்க அடிச்சிடுங்க."

"பதினாலே முக்காலா! அதெப்படி? புனிதமான வார்த்தைய விலை பேசக்கூடாது, குபாலா."

"அப்ப அஞ்சு டாலருக்கு மட்டும் பேசலாமா?"

"கிண்ணம் ஒன்பது டாலர். அது செக் நாட்டுக் கண்ணாடி."

"எங்க அம்மா அந்தப் பக்கத்துக்காரிதான். அங்க அது ஊறுகாப் போடுற கிண்ணம்."

"அபராதத்த மட்டும் தள்ளுறேன்."

"சரி, நானும் அரைவாசி மட்டும் எழுதுறேன். காலணியக் கழட்டினது யாருன்னு கேக்கலாம். யாருன்னு தெரியாம எல்லாரும் நின்னுட்டிருங்க."

"டேய் பிரென்டிஸ்" என்றான் லிண்ட்குவிஸ்ட், "கரியில உக்காந்துகிட்டு என்னடா கறார் பேசுற? எழுந்து வா."

கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது. சனிக்கிழமை சடங்குக்கு முன் டெல்பர்ட் கணக்கைப் பென்சிலால் கோடு போட்டு அடிப்பது. பெரியவர் சடங்கில் ஒரு தப்பும் சொல்லாமல் போனால் அந்தக் கோட்டை மையில் போடுவது. தப்புச் சொன்னால் அழித்துவிடுவது. பிரென்டிஸின் பென்சிலுக்குப் பின்னால் புது ரப்பர் இருந்ததை நான் கவனித்தேன்.

பழைய கரி ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதினேன். என் எழுத்து பெரிது. பதினேழு ரசீது ஆனது. கரியை வாரி வீசிய கைக்குப் பென்சில் பிடிப்பது லேசான வேலையல்ல. நாலு வரிக்கு ஒருமுறை விரலை நீட்டி மடக்க வேண்டியிருந்தது. கேட்டது ஒன்றைக்கூட விடவில்லை. யார் எங்கே நிறுத்துவார்கள், எங்கே மூன்று தரம் கதவு தட்டுவார்கள் எல்லாவற்றையும் குறித்தேன். 'இனி நீ தனியே நடக்க மாட்டாய்' என்று தலைவன் சொன்னதும் எல்லாரும் இருமுவார்கள், அதற்கு 'இங்கே மூன்று இருமல்' என்று போட்டேன்.

பாதியில் டெல்பர்ட் காப்பி கொண்டுவந்தான். சட்டென்று ரசீதுகள் மேல் என் தொப்பியைக் கவிழ்த்தேன்.

"மிஸ்டர் குபாலா, அது என்னைப் பத்தின லெட்டரா?" என்றான். அந்த வீட்டில் எனக்கு மிஸ்டர் போட்டவன் அவன் ஒருவன்தான்.

"உன்னைப் பத்தி எழுத என்னடா இருக்கு?"

"வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு அப்பாவுக்கு எழுதுவாங்கல்ல. நானே பெட்டி கட்டிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ். மாடு கறக்க ஆள் வேணும்னு அப்பா சொல்லிட்டுத்தான் இருந்தாரு." காப்பியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். கழுவிக் கழுவி விரல்நுனி சுருங்கியிருந்தது. "விலங்கு வைத்தியம் படிக்கலாம்னு இருந்தேன். பரவால்ல."

"போய்க் காலக் கழுவு."

"ஏன்?"

"நாளைக்கு வெறுங்காலோட நிக்கணும்ல."

"கடன்?"

"காலக் கழுவுன்னேன்."

போனான். ஒன்றும் புரியாமல்தான் போனான். ஆனால் சற்று நேரத்தில் மேலே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு கார்மடி வந்தார். அறுபத்திரண்டு வயது இருக்கும். கைத்தடி, சாம்பல் நிற மேல்கோட்டு. வந்ததும் மாடிப்படிச் சுவரில் மாட்டியிருந்த வருடாந்தரப் படங்களைப் பார்த்தபடி ஏறினார், ஒரு படத்தின் முன் கொஞ்சம் நின்றார். நடுவழியில் நிற்கிறாரே என்று பையன்கள் பின்னால் காத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் படம் என்று ஒருவனும் பார்க்கவில்லை.

நாலரை மணிக்கு பிரென்டிஸ் உலையறைக்கு வந்து, என் கண் முன்னாலேயே கணக்கேட்டைத் திறந்து, டெல்பர்ட் பெயர் மேல் பென்சிலால் கோடு போட்டான். பூனை மீசை அளவுக்கு மெலிசான கோடு.

ஐந்து மணிக்குச் சடங்கு. பெரியவருக்குக் குளிருமே என்று அன்று முன்கூட்டியே கரி நிரப்பி உலைக் கதவைச் சாத்திவிட்டேன். கரி அள்ளும் வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பலகையோரம் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.

லிண்ட்குவிஸ்ட் நன்றாகவே படித்தான். ரசீதுகளை ஒரு பழைய பைபிள் அட்டைக்குள் வைத்திருந்தான். வெளிச்சம் தேடி வந்தவனே, உன் காலணியைக் கழற்றியது யார்? நானே கழற்றினேன், என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று ஏழு பேர் சொன்னார்கள். அதில் டெல்பர்ட் குரல் மற்றவர்களுக்கு அரை வரி பின்னால் வந்தது. மாட்டை ஓட்டுகிறவன் குரல், தெளிவாகக் கேட்டது.

இனி நீ தனியே நடக்க மாட்டாய், என்றான் லிண்ட்குவிஸ்ட்.

இருபத்திரண்டு பேரும் ஒன்றாக இருமினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. தேவாலயப் பாடகர் குழு இருமுவதுபோல, அவ்வளவு ஒழுங்காக. அதன் பிறகு ஒரே அமைதி. அந்த அமைதியில் கைத்தடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

வழக்கமாக அந்த இருமல் ஒழுங்காக இருக்காது. முன்னும் பின்னுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும். எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. எப்படியோ மீதியையும் படித்து முடித்தார்கள். கைதட்டல் கேட்டது.

முதலில் ஓடி வந்தவன் பிரென்டிஸ்தான். கையில் கணக்கேடு, மறு கையில் பென்சில் தலைகீழாக.

"இருமல்! யார் இருமச் சொன்னது? பெரியவர் முகம் செவந்துடுச்சு. என்கிட்ட, 'இது எந்தப் புத்தகத்துல இருக்கு?'ன்னு கேட்டாரு. புத்தகத்துல இல்லவே இல்லையாம்!"

"நீங்களும்தானே தம்பி இருமினீங்க? போன வருஷமும் இருமினீங்க."

"போன வருஷம் வந்துச்சு, இருமினேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தப்பு இருந்தா அழிக்கிறதுன்னு பேசியாச்சு."

"அவன் உள்ள போய் உறுதி எடுத்துட்டானே."

"கடனோட எடுத்தா செல்லாது." ரப்பரை ஏட்டில் வைத்தான்.

"என்ன செல்லாது?" என்று கதவருகே ஒரு குரல் கேட்டது.

கார்மடி ஒரு கையில் தடியும் மறு கையில் பைபிள் அட்டையுமாக நின்றார். பின்னால் லிண்ட்குவிஸ்ட், புத்தகம் எரிந்ததை வழியிலேயே ஒப்புக்கொண்டு, தூக்குமேடைக்கு வந்தவன்போல. பெரியவர் எங்களைப் பார்க்கவில்லை. நேராக உலையைப் பார்த்தார். பக்கத்தில் போய் அதன் வார்ப்பிரும்புக் கதவில் கையை வைத்துப் பார்த்தார்.

"அதே உலைதானா?"

"அதேதான் சார். உள்ள கரி எரியிற தட்டு மட்டும் ரெண்டு தடவ மாத்துனது."

"எங்க காலத்துல இங்க க்ராவ்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் இருந்தாரு. நான் தொள்ளாயிரத்துப் பன்னெண்டுல இந்த வீட்டுலதான் சேந்தேன். படம் மேல மாட்டியிருக்கு, இவங்க யாரும் பாத்ததில்ல போல." பலகைச் சுவரை விரலால் தட்டினார். "பசங்க வெறுங்காலோட நிக்கிறாங்களேன்னு சரியா அந்த எடத்துல ஒரு வாரி கரி அள்ளிப் போடுவாரு. இந்த இடுக்கு வழியாப் புகை வரும். எல்லாரும் இருமுவோம்."

எனக்கு எழுந்து நிற்கவேண்டும்போல் இருந்தது. "நானும் அங்கதான் சார் போடுவேன். க்ராவ்ஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு. இன்னைக்கு மட்டும்தான் முன்னாலயே போட்டுட்டேன்."

"அதான் காத்து சுத்தமா இருந்துச்சு. சுத்தமான காத்துல இருபத்திரண்டு பேர் இருமினா நான் என்னன்னு நெனைக்கிறது?" என்று சொல்லி ஆரம்பித்த சிரிப்பு, கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை. "எத்தனை கிளை பாத்திருக்கேன். எவனும் அங்க இருமினதில்ல. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தொண்டை கமறும். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

இருபத்தொரு வருடமாக நான் அதை அவர்களுடைய ஜெபம் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றியிருக்கிறேன். என் வாரிக்கே நான் தொப்பி கழற்றியிருக்கிறேன்.

பெரியவர் பைபிள் அட்டையைத் திறந்து ஒரு ரசீதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் சடங்கு, மறுபக்கம் இரண்டு டன் கரி.

"இது யார் எழுத்து?"

மூவரும் உலையைப் பார்த்தோம்.

"வெளியாள் கேட்டா ஆத்துல போடணும்னு விதி" என்றார்.

"ஏப்ரல் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க சார்" என்றேன்.

"நல்லது. புது புத்தகம் நான் அனுப்புறேன். அந்த இருமல பென்சில்ல ஓரத்துல குறிச்சு வெச்சுக்குங்க, இந்த வீட்டுக்கு மட்டும்." பிறகு பிரென்டிஸ் பக்கம் திரும்பினார். "உங்க கையில என்ன?"

"கணக்கு சார். ஒரு சின்னக் கோடு அழிக்க வேண்டியிருக்கு."

பெரியவர் ஏட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். டெல்பர்ட் ஸ்டூக்கி, கிண்ணம் ஒன்பது, அபராதம் ஐந்தே முக்கால். லிண்ட்குவிஸ்ட் இரண்டே வாக்கியத்தில் ஒப்பந்தத்தைச் சொல்லிவிட்டான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"பென்சிலா? சங்கக் கணக்குல பென்சிலா?" என்றார் கார்மடி. "எங்க காலத்துல அதுக்கு அபராதம் இருந்துச்சே. எடுத்துட்டீங்களா?"

பிரென்டிஸ் பென்சிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "இருக்கு சார்."

"எவ்வளவு?"

"கால் டாலர்."

"உங்க பேருக்கு எழுதுங்க."

எழுதினான். பிறகு பெரியவர் கோட்டுப் பையிலிருந்து மைப்பேனா எடுத்து, மூடியைக் கழற்றி, பிரென்டிஸிடம் நீட்டினார். சுவரில் ஏட்டை வைத்து, பென்சில் கோட்டின் மேலேயே பிரென்டிஸ் மையில் கோடு போட்டான். இந்தத் தடவை பூனை மீசை இல்லை.

"பக்கத்துல காரணம் எழுதணும் சார்" என்றான். "என்னன்னு எழுதட்டும்?"

"புத்தகம் என்னவா எரிஞ்சுது?"

பிரென்டிஸ் சுள்ளிப் பெட்டியைப் பார்த்தான். மேலே டெல்பர்ட் யாரிடமோ தன் காலுறையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிரென்டிஸ் எழுதி, மை உலர ஊதி, எனக்குத் தெரியும்படி ஏட்டைத் திருப்பிப் பிடித்தான். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், ஆனால் நானே படித்தேன்.

ஸ்டூக்கி, 14.75. சுள்ளி வகையில் வரவு. தீர்ந்தது.